வேதிப்பொருள் கட்டுப்பாடு: ஆய்வுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நடக்கும் தவறுகள்

ஒரு வேதிப்பொருளைப் பற்றி ஆய்வு வெளியானதும் ஒரு தரப்பு 'இதை ஏன் இன்னும் தடை செய்யவில்லை' என்று கேட்கும், இன்னொரு தரப்பு 'ஆதாரம் போதாது' என்று சொல்லும். இரு தரப்பும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, தீங்கு செய்யும் தன்மையையும் அதனால் வரும் பாதிப்பின் அளவையும் ஒன்றாக நினைப்பது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்ததும் 'இரண்டும் ஒரே அளவு ஆபத்தா' என்று பலரும் பதறினார்கள். அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான். எவ்வளவு உடம்புக்குள் போனால் எவ்வளவு பாதிப்பு என்பதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது, தரவு இல்லாததைப் 'பாதுகாப்பானது' என்று எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1976 சட்டம் வந்தபோது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 பொருட்கள், சோதனை எதுவும் கேட்கப்படாமலே சந்தையில் தொடர்ந்தன. ஐரோப்பாவில் 2007-ல் நடைமுறைக்கு வந்த ரீச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது: தரவு கொடு, அப்புறம் விற்பனை செய்.

ஒன்றைத் தடுத்துவிட்டு அதன் தம்பியை உள்ளே விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கும் பொருட்கள் சிலவற்றில் அதற்குப் பதிலாக பிஸ்பீனால்-எஸ் இருந்தது. மூலக்கூறு அமைப்பும் கிட்டத்தட்ட அதேதான், ஹார்மோன்களோடு விளையாடும் குணமும் அதேதான். குடும்பமாகச் சேர்த்துப் பார்க்காவிட்டால் சட்டம் எப்போதும் ஓரடி பின்னால்தான் ஓடும்.

முழு உறுதி கிடைக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன்கள் வானில் இருக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்ற எச்சரிக்கை 1974-லேயே வந்துவிட்டது. 1987-ல் இவற்றைக் குறைப்பதற்கான மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானபோது அண்டார்டிகாவுக்கு மேலே அந்தப் படலத்தில் விழுந்த ஓட்டைக்கான காரணம் பற்றிய விவாதம்கூட முழுசாக முடியவில்லை. ஆனாலும் அறிவியல் மதிப்பீட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும் என்று உடன்பாட்டிலேயே எழுதி வைத்திருந்ததால், 1990-ல் லண்டனில் விதிகளை இறுக்க முடிந்தது.

சரி, ஆய்வாளர்கள் பக்கம் தவறே இல்லையா? இருக்கிறது, எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் அதுதான். நல்ல ஆய்வகத்தில் வருடக்கணக்காக உழைத்து ஒரு கட்டுரை வரும். அதில் ஒரே ஒரு அளவு மட்டும் கொடுத்துச் சோதித்திருப்பார்கள், பொருளின் தூய்மை என்ன என்று இருக்காது, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது ஒரு வரியோடு முடிந்திருக்கும், மூலத் தரவும் கிடைக்காது. கட்டுப்பாட்டுக்காக ஆதாரங்களை எடைபோடும் மதிப்பீட்டுக் குழு அதைப் படித்துவிட்டு, முடிவில் துணைச் சான்று என்று ஓரமாக வைத்துவிடும், எடை முழுக்க நிறுவனங்கள் வழிகாட்டு முறைப்படி செய்து கொடுத்த ஆய்வுகள் மேல் விழும். குறைந்தது மூன்று அளவுகளில் சோதித்து, பாதிப்பு தென்படாத அளவையும் சேர்த்து எழுதி, எண்களை இணைப்பாகப் போட்டுவிட்டால், அந்தக் கட்டுரையை ஒதுக்கி வைக்கக் குழுவும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.