கோத்தகிரியிலிருந்து தரங்கம்பாடிக்கு மூன்று நாள்

தேயிலைத் தோட்டக் குளிரில் வளர்ந்த உடம்புக்குக் கடற்கரை வெயில் ஆகாது, ஜனவரியில் போங்கள். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து பஸ். கடலைப் பார்த்த காட்டேஜாகப் பிடியுங்கள்.

முதல் நாள் விடியும் முன்பே எழுந்துவிடுங்கள். நம் ஊரில் வானம் நன்றாக வெளுத்த பிறகுதான் மலைக்கு மேல் சூரியன் தலைகாட்டும். அங்கே தண்ணீருக்குள்ளிருந்தே சிவப்பாக எழும். அதைப் பார்த்ததும் என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்புறம் கரையோரமாகவே மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடங்கள். பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உப்புக் காற்று அரித்த சுவரைத் தொட்டால் விரலில் மணல் ஒட்டும்.

டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டையை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய ஊர் இது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேதான் அச்சானது. அவர் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவசரப்படாமல் உட்காருங்கள். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

மதியம் தூங்குங்கள். கடலில் முட்டிக்கு மேல் இறங்க வேண்டாம், நமக்கு ஓடைதான் பழக்கம். திரும்பும்போது ஸ்வெட்டரைப் பையில் மேலாகவே வையுங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் தேடுவீர்கள்.