வளவில் வண்ணத்துப்பூச்சிக்கு ஓர் இடம்

பூக்கன்று வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடு வேண்டும். வன்னி வளவுகளில் அது ஏற்கெனவே பாதி நிற்கிறது. வேலியோரத்து எருக்கலையைப் பிடுங்க வேண்டாம், கறுப்பு ஓரம் வைத்த செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். கறிவேப்பிலையிலோ தேசியிலோ பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது புழு, வளர வளரப் பச்சையாகும். இலை கொஞ்சம் போகும், போகட்டும். மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. பக்கத்து மிளகாய்த் தோட்டத்து மருந்தும் காற்றில் வரும் என்பதால் நான் கன்றுகளை வீட்டின் பின்புறம் வைத்தேன்.

ஐப்பசி மழையோடு எக்சோராவும் பட்டிப்பூவும் வெயில் விழும் பக்கத்தில் நடுங்கள். கோடையில் கிணற்றடி மணல் ஈரமாக இருக்கட்டும்; வண்ணத்துப்பூச்சிகள் அதில் உப்புச்சத்து உறிஞ்ச வரும். நாயுண்ணிச் செடியைக் கொண்டுவராதீர்கள், காடாகப் பரவிவிடும்.