பண்டிகைக் கூட்டத்தில் காரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

விடுமுறைக்கு முந்தின நாள், வேலை முடிந்த கையோடு கிளம்பிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதால்தான் நகரத்தை விட்டு வெளியேறவே அன்று பாதி இரவு ஆகிவிடுகிறது. அதற்குப் பயந்து நள்ளிரவில் கிளம்புகிறவர்கள் இன்னொரு வம்பில் மாட்டுகிறார்கள். காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் 17 மணி நேரம் விழித்திருந்தவர் ஆகிறார். அந்நிலையில் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவர் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாததற்கு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும்.

மாலையே சாமான்களை ஏற்றிவிட்டு, 9 மணிக்குப் படுத்து, நாலு நாலரைக்குக் கிளம்புவது உத்தமம். முதல் ஒரு மணி நேரம் முன்சீட்டில் இருப்பவர் தூங்காமல் பேச்சுக்கொடுக்க வேண்டும். வீட்டில் காத்திருப்பவர்களிடம் "மதியத்துக்குள் வந்துவிடுவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். "11 மணிக்கு வருவோம்" என்று வாக்குக் கொடுத்தால், அந்த 11 மணியே பின்னாலிருந்து விரட்டும். 50 கி.மீ. தூரத்தை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடந்தால் 37 நிமிடம் 30 நொடி, 100 கி.மீ. வேகத்தில் 30 நிமிடம். இந்த ஏழரை நிமிடம் அடுத்த சுங்கச்சாவடி வரிசையில் கரைந்துபோகும்.

வண்டியை நாலைந்து நாள் முன்பே பார்த்துவிடுங்கள். முந்தின நாள் எந்த மெக்கானிக்கும் கையில் கிடைக்கமாட்டார். முதலில் டயர். ஆட்கள், சாமான்கள் நிறைந்திருக்கும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறமோ ஒட்டியிருக்கும் தாளில் தனியாகப் போட்டிருக்கும். வழக்கமான அளவைவிட, அதிலும் பின் டயர்களுக்கு, சில பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வேகச் சாலையில் டயர் வெடிக்க அது போதும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னிக்குக் காற்று பிடிக்க மறப்பதும், டிக்கியில் மூட்டைகளுக்கு அடியில் ஜாக்கியைப் புதைத்துவிடுவதும் பலர் செய்கிற தவறு.

கனமான பெட்டி டிக்கியின் தரையில், பின்சீட்டை ஒட்டி இருக்கட்டும். பின்கண்ணாடியை ஒட்டிய தட்டில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்காதீர்கள். திடீரென பிரேக் பிடித்தால் அது நேராகத் தலைக்கு வரும். பின்பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கி, முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகி இருந்தால் இரண்டோ மூன்றோ வைத்து ஒளியை இறக்குங்கள்.

இனி நெரிசல். விபத்தோ பள்ளமோ எதுவும் இல்லாமலே வண்டிகள் நிற்பது ஏன்? 2008-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் ஒருவர் வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் குறைக்க, நெரிசல் அலையாகி மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. முன்வண்டியின் பம்பரை முட்டிக்கொண்டு நகர்ந்தால் நீங்களும் அந்த அலையைப் பின்னால் தள்ளிவிடுகிறீர்கள். இடைவெளி விட்டால் நாலு பேர் நடுவே நுழையத்தான் செய்வார்கள். நுழையட்டும்; நாலு வண்டி என்பது சில நொடிதான்.

அந்த இடைவெளிதான் கிளட்சையும் காப்பாற்றும். அரை கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் தட்டு வழுக்கிச் சூடாகிக் கருகும். முன்னால் ஒன்றிரண்டு கார் நீளம் காலியாகும்வரை நியூட்ரலில் நில்லுங்கள். பிறகு முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் உருண்டு போங்கள். ஏற்றத்தில் வண்டியைக் கிளட்சால் தாங்கிப் பிடிக்காமல் கைப்பிரேக் போடுங்கள். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குக்கும் இது பொருந்தும். கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

நின்று நின்று போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்க மின்விசிறி ஒன்றுதான் உண்டு. சூடுகாட்டி முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் அது இன்னொரு சின்ன ரேடியேட்டராக இன்ஜின் சூட்டை இழுக்கும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது: அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது போகட்டும்.

மேப் காட்டும் குறுக்குவழி பத்து நிமிடத்துக்குக் குறைவாக மிச்சப்படுத்தினால் திரும்பாதீர்கள். அதே வழியை உங்களுக்குப் பின்னால் வரும் நூறு பேருக்கும் அது காட்டிக்கொண்டிருக்கும். சந்து அடைத்தால் பின்வாங்க இடமிருக்காது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்முன் நிரப்புங்கள். மின்சாரக் கார் என்றால் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும். அந்தக் கடைசி இருபதுக்காக வரிசையை அடைத்து நிற்க வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். கடைசி சில கிலோமீட்டர் எப்படி ஓட்டினோம் என்று நினைவில்லை என்றால், அடுத்து வருவது கண்சொருகல். 80 கி.மீ. வேகத்தில் நாலு நொடி கண்மூடினால் வண்டி 89 மீட்டர் ஓடியிருக்கும். கண்ணாடியை இறக்குவதும் பாட்டை ஏற்றுவதும் தூக்கத்தை விரட்டாது. காபி குடித்த உடனே இருபது நிமிடம் கண்ணயருங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் விழிக்கும் நேரமும் ஒன்றாக வரும்.

வேகச் சாலையிலிருந்து ஊர்ச்சாலைக்கு இறங்கியதும் கண்ணை நம்பாமல் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். மணிக்கணக்காக வேகத்தில் ஓடியவருக்கு 60 கி.மீ. என்பது ஊர்வதுபோல்தான் தெரியும். வீட்டு வாசலில் ஏழெட்டு வண்டிகள் நிற்குமானால், முதலில் திரும்ப வேண்டியவர் வண்டி கடைசியில், மூக்கு தெருவைப் பார்த்தபடி நிற்கட்டும்.