மேக்னம் ரிவால்வருக்கு வார்ப்புக் குண்டு வாங்குவது எப்படி: முதலில் விட்டம், அப்புறம்தான் கடினம்

ஈயக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தது வார்ப்புக் குண்டு. விற்பனைக்கு வரும் அதன் பெட்டிகளில் "ஹார்ட் காஸ்ட்" (கடினமாக வார்த்தது) என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். விட்டம் ஓரமாகப் பொடி எழுத்தில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். என் .357 மேக்னம் ரிவால்வரின் பேரலில் (குழலில்) ஈயம் அப்பி அப்பி, சுடுகிற நேரத்தைவிடச் சுரண்டுகிற நேரம் அதிகமாகிப் போனது. அதைத் தீர்த்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் (கேஸில்) மறுபடி மருந்தும் குண்டும் வைத்துக் கட்டுவது, ஓரளவு பழகியவர்களுக்கான பதிவு இது. கேஸைத் துடைப்பது, ப்ரைமர் போடுவது எல்லாம் இங்கே வராது. வெடிமருந்து எவ்வளவு என்பதற்கு மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டைத் தவிர வேறு எதையும், என்னையும் சேர்த்து, நம்பாதீர்கள். குண்டு வாங்கவும் தோட்டா கட்டவும் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஈயம் எங்கே படிகிறது என்று பாருங்கள்

சிலிண்டரைத் திறந்து காலி என்று உறுதி செய்துகொண்டு, பேரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். சிலிண்டரை ஒட்டிய முனையில், பேரலின் தொடக்கத்தில் புனல் மாதிரி இருக்கும் ஃபோர்சிங் கோனைத் தாண்டியவுடன் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஈயம் இருந்தால், பெரும்பாலும் குண்டு சிறியது. இடுக்கு வழியாகச் சூடான வாயு சீறிப் பாய்ந்து குண்டின் ஓரத்தை உருக்கி அரித்திருக்கிறது. குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் மட்டும் படிந்திருந்தால், வழுக்குவதற்காகக் குண்டில் பூசிய மெழுகு பாதி வழியில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. புதிய பெட்டி வாங்கும் முன் இதைப் பார்த்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

படி 2: த்ரோட்டை அளங்கள்

இந்தப் பதிவே இந்தப் படிக்காகத்தான்.

ரிவால்வரில் குண்டு பேரலுக்குள் நுழைவதற்கு முன் சிலிண்டர் அறையின் முன்பக்கம் இருக்கும் குறுகலான துளையைக் கடக்கிறது. அதுதான் த்ரோட். குண்டின் அளவை முடிவு செய்வது பேரலைவிட இதுதான். குண்டு த்ரோட்டை நிறைத்துக்கொண்டு போக வேண்டும். த்ரோட் பேரலின் க்ரூவ் (உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம்) விட்டத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் பெரிதாகவோ இருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

கையில் ஒரு குண்டு இருந்தால் கருவியே இல்லாமல் முதல் சோதனை செய்யலாம். சிலிண்டரைக் கழற்றி, த்ரோட்டைத் துப்புரவாகத் துடைத்துவிட்டு, குண்டை முன்பக்கத்திலிருந்து விரலால் தள்ளுங்கள். லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தானாக விழுந்துவிட்டால் குண்டு சிறியது. சுத்தியல் தேடத் தோன்றினால் பெரியது. ஆறு அறைகளிலும் செய்யுங்கள். ஆறும் ஒரே மாதிரி இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால் பின் கேஜ் (துல்லிய அளவில் செய்த உருளை ஊசிகள்) வாங்குங்கள். வெர்னியர் காலிப்பரை இந்த வேலைக்கு நான் தொடக்கூட மாட்டேன். நாம் தேடுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதிலும் பாதி. வளைந்த துளைக்குள் தட்டையான தாடையை விட்டு அதை அளக்க முடியாது.

பேரலுக்கு, சுத்த ஈயத்தில் கொஞ்சம் பெரிய உருண்டை ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, மரக்கம்பியால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பி வெளியே எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். வெளியே வரும் ஈயத்தில் க்ரூவ்கள் மேடாகப் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே மைக்ரோமீட்டர் வைத்தால் க்ரூவ் விட்டம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் வழக்கமாக ஐந்து க்ரூவ். ஒரு மேட்டுக்கு நேர் எதிரே இருப்பது மேடல்ல, பள்ளம். சாதாரண மைக்ரோமீட்டர் எந்தப் பக்கம் வைத்தாலும் குறைத்தே காட்டும்; அந்த எண்ணை நம்பி ஆர்டர் போட்டால் மறுபடியும் சிறிய குண்டுதான் வீடு வந்து சேரும். ஐந்து க்ரூவுக்கென்று வி-வடிவ அடித்தளம் உள்ள மைக்ரோமீட்டர் உண்டு, விலை கொஞ்சம் கடிக்கும். நான் செய்வது வேறு: பேரலில் தட்டி எடுத்த அதே ஈயத்தை ஒவ்வொரு த்ரோட்டிலும் விட்டுப் பார்ப்பேன். தடையில்லாமல் போனால் த்ரோட் பேரலைவிடச் சிறியதில்லை. நமக்குத் தேவை அந்தப் பதில்தான், எண் இல்லாமலே கிடைத்துவிடும்.

போகவில்லை என்றால் சிக்கல் குண்டில் இல்லை. த்ரோட் குண்டை நசுக்கிச் சிறிதாக்கிவிடும், அது பேரலுக்குள் தொளதொள என்று போகும். எந்தப் பெட்டி வாங்கினாலும் ஈயம் படியும். நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து த்ரோட்டை ரீம் செய்யச் (உட்புறம் சீவி அகலமாக்கச்) சொல்லுங்கள்.

படி 3: விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

.357 மேக்னத்துக்கு ஜாக்கெட் (செம்பு உறை) போட்ட குண்டு 0.357 அங்குலம், வார்ப்புக் குண்டு பொதுவாக 0.358. .41 மேக்னத்துக்கு ஜாக்கெட் 0.410, வார்ப்பு 0.411. .44 மேக்னத்துக்கு ஜாக்கெட் 0.429, வார்ப்பு 0.430, த்ரோட் அகலமாக இருந்தால் 0.431 அல்லது 0.432. த்ரோட் அளவுக்குச் சமமானதை வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், தோட்டா அறைக்குள் தடையில்லாமல் இறங்கும் வரை பெரியது பக்கமே போவேன்.

படி 4: கடினம்

கடினம் பிரினெல் எண்ணில் சொல்லப்படும். சுத்த ஈயம் சுமார் 5, பழைய சக்கர எடைக்கல் ஈயம் 12-ஐ ஒட்டி, அச்சுக்கோர்ப்புக்கான ஈயக் கலவையான லைனோடைப் 22. கடைக் குண்டுகளில் அடிக்கடி காணும் கலவை 92 பங்கு ஈயம், 6 ஆன்டிமனி, 2 வெள்ளீயம். அது 15, 16 வரும். கடினம் கூடினால் நல்லது என்று விற்பவர்கள் சொல்வதில் அவர்கள் வசதியும் கலந்திருக்கிறது. கடினமான குண்டு பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதி நசுங்காது.

அழுத்தத்தில் குண்டின் அடிப்பாகம் கொஞ்சம் விரிந்து பேரலை அடைக்க வேண்டும். அதற்கு ஒரு கைக்கணக்கு: பிரினெல் எண்ணை 1422-ஆல் பெருக்கினால், எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் அடிப்பாகம் விரியத் தொடங்கும் என்று தோராயமாகத் தெரியும். 12 என்றால் சுமார் 17,000. 22 என்றால் 31,000-க்கு மேல். .357 மேக்னத்தின் உச்ச வரம்பு 35,000, .44-க்கு 36,000. அதாவது, நடுத்தரத் தோட்டாவுக்கு 22 கடினக் குண்டைப் போட்டால் அது விரியவே விரியாது. விட்டமும் சிறியதாக இருந்தால் வாயுவுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. விட்டம் சரியாக இருக்கும்போது இந்தக் கணக்குக்கு அவ்வளவு வேலையே இல்லை. மிதமான தோட்டாவுக்கு 12, முழு மேக்னம் வேகத்துக்கு 15 அல்லது 16. அதற்கு மேல் நான் போவதில்லை.

வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய ஸ்வேஜ்டு குண்டுகளும் பக்கத்திலேயே விற்கும். அவை மிக மென்மை, மெதுவான .38 ஸ்பெஷலுக்கு அருமை, மேக்னம் வேகத்துக்கு வேண்டாம். 1935-இல் வந்த .357 மேக்னத்தின் முதல் தோட்டாக்களே ஈயம் அப்புவதற்குப் பேர் போனவை.

படி 5: அடிப்பாகம், மெழுகு, பள்ளம்

குண்டின் அடி ஓரம் சரிவாக இருந்தால் அது பெவல் பேஸ். கேஸுக்குள் நேராக நிறுத்தச் சுலபம், இயந்திரத்தில் தயாரிக்கவும் சுலபம். ஆனால் வாயு அடைப்பதற்கு வேண்டிய கூர்மையான ஓரம் அங்கே இல்லை. கிடைத்தால் பிளெயின் பேஸ் வாங்குங்கள். உச்ச வேகத்தில் சுடுபவர்களுக்கு அடியில் செம்புக் கிண்ணம் மாட்டிய கேஸ் செக் குண்டு நிம்மதி, விலைதான் அதிகம்.

கடினமான வண்ண மெழுகு பயணத்தில் உதிராமல் இருப்பதற்காகவே பூசப்படுகிறது. பேரலுக்குள் மென்மையான மெழுகுதான் நன்றாக வேலை செய்யும். மெழுகுக்குப் பதிலாகத் தூளைச் சூட்டில் ஒட்டவைக்கும் இப்போதைய பவுடர் கோட்டிங் எனக்குப் பிடித்திருக்கிறது: புகை குறைவு, கையில் ஒட்டாது. ஒரு குண்டைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். பூச்சு செதிலாக உதிர்ந்தால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

கிரிம்ப் பள்ளம் (கேஸின் வாயை மடித்துக் குண்டைப் பிடிக்கவைக்கும் இடம்) ஆழமாக, தெளிவாக இருக்கட்டும். மேக்னத்தின் உதைப்பில் மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகள் கேஸிலிருந்து முன்னுக்கு நகரும். ஒன்று சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டினால் சிலிண்டர் சுற்றாது. எல்மர் கீத் என்பவர் வடிவமைத்த பாணியில் வரும் தலை நீண்ட குண்டுகள் சில, .357 கேஸில் அந்தப் பள்ளத்திலேயே கிரிம்ப் செய்தாலும் குட்டைச் சிலிண்டருக்குள் அடங்காது. மொத்த நீளத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். எடைக்கு .357-க்கு 158 கிரெயின், .44-க்கு 240 அல்லது 250 என்று தொடங்கினால் தவறாது.

பிற்சேர்க்கை 1

"0.358 வாங்கினேன், த்ரோட்டில் கச்சிதம், ஆனாலும் ஈயம் படிகிறது" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கட்டிய தோட்டா ஒன்றிலிருந்து குண்டை உருவி எடுத்து மறுபடி அளங்கள். 0.356 என்று காட்டினால் கேஸே குண்டை நசுக்கியிருக்கிறது. ஜாக்கெட் குண்டுக்கான எக்ஸ்பாண்டர் கேஸ் வாயைப் போதுமான ஆழத்துக்கு விரிப்பதில்லை. வார்ப்புக் குண்டுக்கென்றே படிக்கட்டு வடிவில் வரும் எக்ஸ்பாண்டருக்கு மாறுங்கள். கடைசியில் கார்பைடு வளையம் உள்ள கிரிம்ப் டை பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் சந்தேகியுங்கள். தோட்டாவை வெளியிலிருந்து அமுக்கும்போது உள்ளே இருக்கும் மென்மையான ஈயமும் சேர்ந்து சுருங்கும். சாதாரண ரோல் கிரிம்ப் டை போதும்.

பிற்சேர்க்கை 2

படிந்த ஈயத்தை எடுக்க என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு: தேய்ந்த பழைய பிரஷ்ஷில் செம்புக் கம்பி நாரைச் சுற்றி, உலர்வாகவே சில முறை இழுப்பேன். ஈயம் சரிகை மாதிரி உரிந்து வரும். நார் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய இரும்பு நாரும் அதே நிறத்தில் விற்கிறது. காந்தம் ஒட்டினால் பேரலுக்குள் விடாதீர்கள். உதிரும் ஈயத்தூளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.