பெரிய ஆங்கில வார்த்தை படிப்பவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நான் செய்தவைதான்)

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தெக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு தம்பி தன் நோட்டைக் காட்டினான். சைட்டில் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறான், அதற்கான கடிதம். நல்ல கையெழுத்து. மூன்றாவது வரியில், தானும் இன்ஜினியரும் சேர்ந்து வேலையைக் கெடுவுக்கு முன்பே முடித்ததைச் சொல்ல 'கன்னைவ்' என்று எழுதியிருந்தான்.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

"கூட்டுச் சேர்ந்து செய்யறதுண்ணே. ஆங்கில வார்த்தைக் கையேட்டுல இருக்கு."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். கன்னைவ் என்றால் கூட்டுச் சேர்வதுதான். ஆனால் திருட்டு வேலைக்குக் கூட்டுச் சேர்வது. தமிழில் 'உடந்தை' என்று சொல்கிறோமே, அது. கல்யாண வேலைக்கு மாமா உடந்தையாக இருந்தார் என்று யாராவது சொல்வோமா?

நான் 2008-இல் வொர்க் பெர்மிட்டில் இங்கே வந்து கம்பி கட்டியவன். இப்போது சைட்டில் விபத்துத் தடுப்புப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். வேலையில் பாதி அறிக்கை எழுதுவது. ஞாயிறுகளில் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே கோளாறுகளை அவர்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஸ்பெல்லிங், இறந்தகாலம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குக் கையிலிருக்கும் போனே போதும்.

அகராதியை முதல் பக்கத்தில் தொடங்குவது

அபாண்டன், அபேட், அபெரேஷன், அப்ஹார். டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், யாருடைய நோட்டைத் திறந்தாலும் இந்த நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 'பி' வரை போன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

எதைப் படிப்பது என்றால், அடிக்கடி கண்ணில் படுவதை. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். கல்வி சார்ந்த எழுத்துகளில், எந்தத் துறையானாலும், திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள். இண்டிகேட், என்ஷூர், பிரையர், சஃபிஷியன்ட் எல்லாம் அதில் உண்டு. நம் பெர்மிட் படிவத்தையும் சுற்றறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், இதே ஆட்கள் அங்கேயும் நிற்பார்கள். அபெரேஷன் நிற்க மாட்டார்.

ஒரு வார்த்தைக்கு ஒரு தமிழ்ச் சொல் எழுதி மூடிவிடுவது

கன்னைவ் கதை இந்த வகைதான். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறும் இதுதான். ஏனென்றால் நான் செய்தபோது அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

அப்போது எழுத்து வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் கிரேனில் தூக்கிய குழாய்க் கட்டு சிலிங்கிலிருந்து, அதாவது தூக்கும் பட்டையிலிருந்து, நழுவிவிட்டது. கீழே யாரும் இல்லை, தப்பித்தோம். நியர் மிஸ் என்று அறிக்கை எழுத வேண்டும். கிரேனுக்குக் கீழிருந்து சைகை காட்டும் சிக்னல்மேன் மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர், எனக்குச் சோறு போட்டவர். அவர் தன் இடத்தில்தான் நின்றார், என் கண்ணாலேயே பார்த்தேன். அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அந்த வாரம்தான் 'ஆஸ்டென்சிப்ளி' படித்திருந்தேன். கையேட்டில் எதிரே 'வெளிப்பார்வைக்கு' என்று போட்டிருந்தது. எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, வெளிப்படையாக என்று நானே விரித்துக்கொண்டேன். எழுதினேன்: சிக்னல்மேன் ஆஸ்டென்சிப்ளி தன் இடத்தில் இருந்தார்.

கையேட்டில் இருந்த பொருள் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 'பார்வைக்கு நல்லவன்' என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அடுத்து ஓர் 'ஆனால்' வரும் என்று காத்திருப்போம் இல்லையா? ஆஸ்டென்சிப்ளி அந்த 'ஆனால்' உள்ளே ஒளிந்திருக்கும் வார்த்தை. நின்றதாகச் சொல்லப்படுகிறது, உண்மையில் நின்றாரோ என்னவோ. மேனேஜர் அப்படித்தான் படித்தார். ஆங்கிலம் தெரிந்த எவரும் அப்படித்தான் படிப்பார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சோ, வாஸ் ஹி தேர் ஆர் நாட்?"

"யெஸ் சார்," என்றேன். "வெரி ஆஸ்டென்சிப்ளி."

அண்ணனை நான்கு நாள் சிக்னல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான்கு நாள் ஓவர்டைம் போயிற்று. அப்புறம் எதிர்க் கட்டடத்துக் கேமராப் பதிவு வந்து, அவர் நின்றது தெளிவானது. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்றைக்கும் எங்காவது பார்த்தால், "ஆஸ்டென்சிப்ளி வாங்க தம்பி" என்பார். சிரிக்கத்தான் சிரிப்பேன்.

இதனால்தான் என் வகுப்பில் புது வார்த்தைக்கு எதிரே உடனே தமிழ்ச் சொல் எழுத விடுவதில்லை. முதலில் முழு வாக்கியம் ஒன்று, சொந்தமாகக் கட்டியதாக இல்லாமல் அச்சில் பார்த்ததாக. அப்புறம் அந்த வார்த்தை யாரோடு சேர்ந்து வருகிறது என்று. மழை பெய்யும், வெயில் அடிக்கும். வெயில் பெய்யும் என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலத்துக்கும் இதே சேர்த்தி உண்டு. மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். ஸ்ட்ரிஞ்சென்ட் என்பது விதிக்கும் சோதனைக்கும் சேரும். 'கடுமையான' என்று மட்டும் எழுதி வைத்த ஒரு பையன் 'ஸ்ட்ரிஞ்சென்ட் சன்' என்று எழுதிக்கொண்டு வந்தான், பாவம், அன்று ரூஃபில் வேலை.

கடைசியாக, வார்த்தையின் முகம் நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டும். என் சோதனை எளிது: இதை மாமியாரைப் பற்றி அவர் காதுபடச் சொன்னால் சண்டை வருமா? நொட்டோரியஸ் வரும். ஃபேமஸ் வராது. இரண்டுக்கும் எதிரே 'பெயர்பெற்ற' என்றுதான் நோட்டில் இருக்கும். முகம் காலத்தோடு மாறவும் செய்யும். பழைய இலக்கியத்தில் நாற்றம் என்றால் நறுமணம், இன்று எம்ஆர்டி ரயிலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எக்ரீஜியஸும் அப்படித்தான். மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் 'சிறப்பான' என்று பொருள்பட்டது. இப்போது படுமோசமான தவறைச் சொல்லவே பயன்படுகிறது.

சைட் வாசலில் நான்கு மொழியில் 'அபாயம்' பலகை தொங்குகிறதே, அதையே பாடமாக எடுக்கலாம். ஆங்கிலத்தில் 'கீப் அவுட்'. கீப் என்றால் வை, அவுட் என்றால் வெளியே. தமிழில் 'வெளியே வை' என்றா எழுதியிருக்கிறார்கள்?

இதற்குத் தோதானது கற்பவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி. நம்மைப் போன்ற வெளியாட்களுக்காகவே பிறந்த வகை அது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது உருவாக்கியது 1942-இல் முதலில் டோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக உலகம் சுற்றியது. எளிய சொற்களில் பொருள், கூடவே வாக்கியம். இன்று போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. புத்தகமாகப் புரட்ட ஆசை என்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உறுப்பினராக இல்லாவிட்டாலும் யாரும் விரட்ட மாட்டார்கள், ஏசியும் உண்டு.

ஒரே ராத்திரியில் முப்பது வார்த்தை

சம்பள நாளுக்கு மறுநாள் பர்ஸ் மாதிரி, காலையில் பார்த்தால் காலி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-இல் எழுதினார். முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று போகிறது, மிச்சம் மெதுவாகக் கரைகிறது. எனவே கரைவதற்குள் திரும்ப எடுக்க வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறைதான் எனக்குக் கை கொடுத்தது. மூன்று பிஸ்கட் டப்பா. முதல் டப்பாவில் உள்ள அட்டைகளைத் தினமும் பார்ப்பேன். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவதுக்குப் போகும், அது மூன்று நாளுக்கு ஒரு தடவை. மூன்றாவது டப்பா வாரத்துக்கு ஒரு தடவை. தப்பானால் எந்த டப்பாவில் இருந்தாலும் மறுபடி முதலாவதுக்கு. நாளைக்கு ஐந்து வார்த்தை. ஆஸ்டென்சிப்ளி அட்டை மூன்றாவது டப்பாவில்தான் இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

கண்ணால் மட்டும் படிப்பது

இடிபாட்டுக் குப்பைக்கு 'டெப்ரி' என்பதுதான் உச்சரிப்பு. கடைசி எஸ் வாயில் வராது. கட்டட முகப்பு 'ஃபசாட்'. நான் ஒரு வருடம் 'ஃபகேட்' என்று சொல்லித் திரிந்தேன், யாரும் திருத்தவில்லை.

ரிவர்ட்

'ப்ளீஸ் ரிவர்ட்' என்றால் இந்த ஊர் அலுவலகங்களில் பதில் அனுப்பு என்று பொருள். நம் நாட்டிலும் அதே. லண்டனுக்கு எழுதினால், பழைய நிலைக்குத் திரும்பச் சொல்கிறானே என்று விழிப்பார்கள். இங்கே எழுதலாம், அங்கே வேண்டாம்.

டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பெரிய வார்த்தை

காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பாதுகாப்புச் சொல்லும் கூட்டம் அது. அங்கே கூடவே கூடாது.

சரி, தம்பியின் கடிதம். கன்னைவை அடித்துவிட்டு 'வொர்க்ட் டுகெதர்' போட்டோம். கொஞ்சம் முகம் சுருங்கினான், இரண்டு சின்ன வார்த்தை ஆகிவிட்டதே என்று. ஐந்தாவது வரியில் தன் முன்னேற்றத்தை 'ராம்பன்ட்' என்று எழுதியிருந்தான். ஊழலுக்கும் நோய்க்கும் சொல்வது. அதற்குள் அவன் லாரி வந்துவிட்டது, அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.