மணக்குடிக் காயலில் பறவை பார்க்க

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலுக்குப் பறவை பார்க்கக் கிளம்பும் முன் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை என்பது மட்டும் போதாது. தண்ணீர் இறங்கினால்தான் சேற்றுத்திட்டு வெளியே வரும். உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் அலகைச் சேற்றுக்குள் விட்டு விட்டுப் புழு எடுப்பது அப்போதுதான். வற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே போன வாரம் போனவர் சொன்ன நேரம் உதவாது. கடல் ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் பக்கத்து உப்பளப் பாத்திகளைப் பாருங்கள், பாதிக் கூட்டம் அங்கே ஒற்றைக்காலில் நிற்கும்.

காயல் கடலில் சேரும் பொழிமுகத்தை மணல் அடைத்திருக்கும் நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. அதே மாவட்டத்தில் உள்ள தேரூர் குளத்துக்கும் இது வேண்டாம். அது நன்னீர், அங்கே வெயில் ஏறுமுன் போனால் சரி.