முதல் குழந்தைக்கு வந்தது அடுத்ததற்கும் வருமா: குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

பல உறுப்புகளில் குறைபாட்டோடு ஒரு சிசு இறந்து பிறக்கும்போது பரிசோதனையைப் பற்றி யோசிக்கும் மனநிலையில் யாரும் இருப்பதில்லை. ஆனால் பிறகு சரிசெய்யவே முடியாத தவறு அந்த முதல் நாளில்தான் நடக்கிறது: மாதிரி எதுவும் எடுக்காமல் அடக்கம் செய்துவிடுவது, அல்லது எடுத்த திசுவை மொத்தமாக ஃபார்மலினில் போட்டுவிடுவது. திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின், மரபணுச் சோதனைக்குத் தேவையான டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். தொப்புள்கொடி ரத்தம் 2 மி.லி., ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் கிடைக்காவிட்டால் சின்னத் தோல் துண்டு, கிருமி நீக்கிய சலைனில் போதும். குரோமோசோம் பார்க்க செல்களை வளர்க்க வேண்டுமென்றால் அதை ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. உறைந்தால் செல் செத்துவிடும். முகம், விரல்கள், முதுகு ஆகியவற்றின் படங்களும் முழு உடல் எக்ஸ்ரேயும் கோப்பில் இருக்கட்டும்.

அடுத்தது, கண்ணால் பார்த்தே பெயர் வைத்துவிடுவது. பின்மண்டையில் மூளை பிதுங்கியிருக்கிறது, சிறுநீரகங்கள் நீர்க்கட்டிகளால் பெருத்திருக்கின்றன, ஆறாவது விரல் இருக்கிறது என்றால் அது டிரைசோமி 13 (13ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) ஆகவும் இருக்கலாம், மெக்கல்-குரூபர் நோய்க்குறியாகவும் இருக்கலாம். முன்னது என்றால் மறுபடி வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீத அளவுதான். பின்னது ஒடுங்கு மரபணு நோய்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம். 1822இல் மெக்கல் விவரித்ததே உடன்பிறந்த இரு சிசுக்களைத்தான். ‘குரோமோசோம் நார்மல்’ என்று முடிவு வந்ததும் இது பரம்பரை நோய் இல்லை என்று நிம்மதி அடைவதும் தப்பு. குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரண கேரியோடைப் சோதனையில் சுமார் 50 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குக் குறைவான மாற்றம் தெரியாது. மெக்கல் நோய்க்கோ மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே ஒரு எழுத்துப் பிழை போதும். அதைப் பிடிக்க எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிப்பது) போன்ற மரபணுச் சோதனை வேண்டும். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுவது நல்லது.

‘நாலில் ஒண்ணுதானே, மூத்தது போயிடுச்சு, இனி மூணு நல்லா பிறக்கும்’ என்ற கணக்கு அடிக்கடி காதில் விழும். ஒவ்வொரு கர்ப்பமும் புதுச் சீட்டு. முன்னால் விழுந்தது அதற்குத் தெரியாது. சொந்தத்தில் கட்டவில்லை என்பதும் காப்பாகாது.

சோதனையை அடுத்த கர்ப்பம் தரித்த பிறகு தொடங்குவதும் வேண்டாம். எக்ஸோம் முடிவு வரவே பல வாரங்கள் ஆகும். கருவைச் சோதிக்க நஞ்சுத்திசு எடுப்பதோ 11 முதல் 14 வாரத்துக்குள். பனிக்குட நீர் எடுக்க 15 வாரம் முடிய வேண்டும். எந்த மரபணு, எந்த மாற்றம் என்று கையில் இல்லாமல் போனால் எடுத்த மாதிரியில் எதைத் தேடுவது? தாயின் ரத்தத்தில் செய்யும் வழக்கமான என்.ஐ.பி.டி. டிரைசோமிகளுக்கானது. இந்த ஒடுங்கு நோய்களை அது தேடுவதே இல்லை.

‘20ஆம் வார ஸ்கேனில் பார்த்துக்கலாம்’ என்பதும் மெக்கலில் எடுபடாது. அந்த வாரத்துக்குள் சிறுநீரகம் வேலை செய்யாததால் பனிக்குட நீர் வற்றிப்போயிருக்கும். நீரில்லாமல் சிசு சுருண்டு ஒடுங்கிக் கிடக்க, விரல் எண்ண முடியாது. 12, 13ஆம் வாரத்தில் நீர் போதுமான அளவு இருக்கும். கையை விரித்து அசைக்கும்போது ஆறாவது விரலும் மண்டையோட்டின் பிளவும் தெரிய வாய்ப்பு அதிகம். போலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன அளவில் போடுங்கள், ஆனால் மெக்கலில் வரும் இந்த மூளைப் பிதுக்கத்தை அது தடுக்கும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிக்கையில் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ (நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியாதது) என்று வந்தால், அதை மட்டும் வைத்துக் கருவைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லிக் கேளுங்கள். புது ரத்தம் தேவைப்படாது.